சானிடைசர் காயுற வரைக்கும் தான் வேலை செய்யும், அதனால எப்படி போடணும்னு பாப்போம்

சானிடைசர நான் ரொம்ப வருஷமா தப்பா தான் போட்டுகிட்டு இருந்திருக்கேன், அது தெரிஞ்சதே ஒரு நாள் வேற வேலை இல்லாம ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் ஓட விட்டு பாத்தப்ப தான். வழக்கம்போல பாட்டில ஒரு அமுக்கு, பட்டாணி சைஸுக்கு ஒரு துளி விழுந்துச்சு, ரெண்டு கையையும் சேத்து தேச்சேன், 8 செகண்ட்ல காஞ்சு போச்சு. அப்புறம் அதே பாட்டில்ல ரெண்டு மூணு அமுக்கு அமுக்கி உள்ளங்கை குழி நிறையுற மாதிரி எடுத்து தேச்சேன், காய 25 செகண்ட் ஆச்சு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற நேரம் 20ல இருந்து 30 செகண்ட். அப்போ இத்தனை நாளா நான் பண்ணினது கைய கொஞ்சம் வாசனையாக்கினது மட்டும் தான், வேற ஒண்ணும் பெருசா நடந்திருக்காது.

ஏன் இந்த நேரத்த புடிச்சு தொங்குறேன்னா, இந்த ஜெல்லுல வேலை செய்யுறது ஆல்கஹால், அதுவும் திரவமா கிருமி மேல பட்டுகிட்டு இருக்கிற வரைக்கும் தான். ஆவியாகி போச்சுன்னா வேலை முடிஞ்சுது, கையில மிச்சமா ஒரு பாதுகாப்பும் நிக்காது. போட்டு முடிச்ச அடுத்த நிமிஷம் கதவு கைப்பிடிய தொட்டா திரும்ப கிருமி ஒட்டும், "காலையில போட்டுட்டேன்"னு சொல்றதுக்கு அர்த்தமே இல்ல. கீழ நான் சொல்ல போற எல்லாமே, எவ்ளோ எடுக்கணும், ஈரக்கையில ஏன் போடக்கூடாது, வீட்டுல கலந்தா ஏன் சொதப்புது, எல்லாமே இந்த ஒரே விஷயத்துல தான் வந்து நிக்கும், போதுமான ஸ்ட்ராங்கான ஆல்கஹால் போதுமான நேரம் தோல் மேல ஈரமா இருந்துச்சா இல்லையா.

முதல்ல அது என்ன தான் பண்ணுதுன்னு பாத்துடலாம். ஒரு சின்ன கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் முட்டை வெள்ளைக்கரு ஊத்தி, அதுல தண்ணி மாதிரி இருக்கிற ஆல்கஹால் சானிடைசர மெதுவா விட்டு பாருங்க (அப்புறம் மறக்காம கொட்டிடுங்க, டம்ளர நல்லா கழுவிடுங்க). கண்ணாடி மாதிரி இருந்த வெள்ளைக்கரு ஆல்கஹால் படுற இடத்துல வெள்ளையா நூல் நூலா திரியும், அடுப்பே இல்லாம வெந்த மாதிரி. வெள்ளைக்கருங்கிறது தண்ணியும் புரோட்டீனும் தான், அந்த புரோட்டீன் ஒரு குறிப்பிட்ட மாதிரி மடிஞ்சு சுருண்டு இருக்கும், ஆல்கஹால் போய் அந்த மடிப்ப கலைச்சு விட்டுடும், கலைஞ்சதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சிக்கிகிட்டு கட்டியாயிடும். பாக்டீரியாவுக்குள்ள இருக்கிற புரோட்டீனுக்கும் இதே கதி தான், புரோட்டீன் வடிவம் போச்சுன்னா அது செய்ய வேண்டிய வேலையும் போச்சு.

இன்னொரு பக்கம் கொழுப்பு. பாக்டீரியாவ சுத்தி ஒரு மெல்லிசான கொழுப்பு சவ்வு இருக்கு, கொரோனா, இன்ஃபுளுயன்சா, எச்ஐவி மாதிரி சில வைரஸ்களுக்கும் வெளியில அப்படி ஒரு கொழுப்பு உறை இருக்கு. ஆல்கஹால் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் தண்ணியோட ஒட்டும், இன்னொரு பக்கம் எண்ணெயோட ஒட்டும், ரெண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடுற ஆளு, அதனால சவ்வுக்குள்ள ஈஸியா புகுந்து அத ஓட்டையாக்கிடும், உள்ள இருக்கிறது வெளிய கசிஞ்சிடும். ஒரே நேரத்துல சவ்வு, புரோட்டீன்னு ரெண்டு மூணு இடத்துல அடி விழுறதால தான் ஆன்டிபயாடிக்குக்கு தப்பிக்கிற மாதிரி பாக்டீரியா இதுக்கு அவ்ளோ சுலபமா பழகிக்க முடியுறதில்ல. முழுக்க முடியாதுன்னும் சொல்லிட முடியாது, 2018ல வெளியான ஒரு ஆய்வுல, ஆஸ்திரேலியா ஆஸ்பத்திரிகள்ல இருந்து எடுத்த என்டெரோகாக்கஸ் ஃபீசியம்ங்கிற பாக்டீரியாவ சோதிச்சப்ப பழைய சாம்பிள விட புதுசு ஆல்கஹால கூடுதலா தாங்குதுன்னு தெரிஞ்சுது. அப்படி ஒப்பிட்டு பாத்தது 23 சதவீத ஐசோப்ரோபனால்ங்கிற ஆல்கஹால்ல, நம்ம கையில போடுறது அத விட கிட்டத்தட்ட மூணு மடங்கு ஸ்ட்ராங், அதனால தூக்கம் கெடுற அளவுக்கு ஒண்ணுமில்ல, ஆனா அரைகுறையா போடாதீங்கன்னு நான் சொல்றதுக்கு இது நல்ல காரணம்.

"அப்போ நம்ம தோல் மட்டும் ஏன் வேகல"ன்னு ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு, நல்ல கேள்வி. தோலோட மேல் அடுக்கு ஏற்கனவே செத்த செல்லுங்க தான், கெரட்டின்ங்கிற கெட்டி புரோட்டீன் நிறைஞ்சு ஓடு மாதிரி அடுக்கி இருக்கு, அங்க ஆல்கஹாலுக்கு கொல்ல ஒண்ணும் இல்ல. தோல்ல இருக்கிற எண்ணெய கொஞ்சம் எடுத்துடும், அவ்ளோ தான். வெட்டுக்காயம் இருந்தா அங்க உயிருள்ள சதை திறந்து கிடக்கு, அதான் சுரீர்னு எரியுது. அதனால காயத்துல சானிடைசர ஊத்தி க்ளீன் பண்ற வேலையெல்லாம் வேண்டாம்.

இப்ப சதவீதம். கடையில வாங்கும்போது நான் முதல்ல பாக்குறது முன்னாடி இருக்கிற படத்த இல்ல, பின்னாடி பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு தான். எத்தனால் (எத்தில் ஆல்கஹால்னும் போடுவாங்க), இல்லன்னா ஐசோப்ரோபனால் (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்னும் போடுவாங்க), இதுல ஒண்ணு இருக்கணும், குறைஞ்சது 60 சதவீதம் இருக்கணும், அமெரிக்க நோய் தடுப்பு மையமான சிடிசி சொல்றதும் அதே 60 தான். 60ல இருந்து 95 வரைக்கும் நல்லா வேலை செய்யும். 99 சதவீதம்னா இன்னும் சூப்பரா இருக்கும்னு தோணும், எனக்கும் அப்படி தான் தோணுச்சு, ஆனா கிடையாது. புரோட்டீன் மடிப்பு கலையணும்னா கூட கொஞ்சம் தண்ணி வேணும், தண்ணியே இல்லாத சுத்த ஆல்கஹால்ல அது ஒழுங்கா நடக்காது, போதாக்குறைக்கு அது கையில பட்ட வேகத்துல ஆவியாயிடும். ஆக பாட்டில்ல இருக்கிற தண்ணி கம்பெனிக்காரன் ஏமாத்துறதுக்கு கலந்தது இல்ல, அதுவும் மருந்துல ஒரு பாகம்.

லேபிள்ல இன்னொரு குழப்பம் இருக்கு, சதவீதம்னா எந்த கணக்குல, எடையா (கிராம்) அளவா (மில்லி)? எத்தனால் தண்ணிய விட லேசானது, அதனால அளவு கணக்குல 80 சதவீதம் இருக்கிற அதே கலவை எடை கணக்குல பாத்தா 73.5 சதவீதம் தான் வரும். அதனால ரெண்டு பாட்டில ஒப்பிடும்போது எந்த கணக்குல போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு ஒப்பிடுங்க, இல்லன்னா 6, 7 சதவீதம் கம்மின்னு நினைச்சு நல்ல சரக்க வேண்டாம்னு வச்சிட்டு வந்துடுவீங்க.

மெத்தனால், மெத்தில் ஆல்கஹால், வுட் ஆல்கஹால், இந்த பேர் எதுவாச்சும் லேபிள்ல இருந்தா தொடவே தொடாதீங்க. பேர் ஒரு எழுத்து தான் மாறுது, ஆனா இது விஷம், கண்ணு போகும், உயிரும் போகும். 2020ல அமெரிக்காவுல மெத்தனால் கலந்த சானிடைசருங்க சந்தைக்கு வந்து, அங்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ வரிசையா எச்சரிக்கை விட்டுச்சு. அந்த வருஷம் மே, ஜூன்ல அரிசோனா, நியூ மெக்ஸிகோவுல சானிடைசர குடிச்சதால மெத்தனால் விஷம் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்த 15 பேர்ல 4 பேர் செத்துட்டாங்க, 3 பேர் பார்வை கெட்டு வீட்டுக்கு போனாங்க. மோந்து பாத்தோ கையில தேச்சு பாத்தோ மெத்தனால கண்டுபிடிக்க முடியாது, பத்த வச்சு கலர் பாக்குறேன்னு கிளம்பாதீங்க தயவு செஞ்சு. யாரு தயாரிச்சாங்கன்னு பேரும் முகவரியும் இல்லாத பாட்டில வாங்காம இருக்கிறது ஒண்ணு தான் வழி.

சரி, இப்ப போடுற முறை.

கை காஞ்சிருக்கணும். இத தான் நிறைய பேர் விட்டுடுறாங்க, கைய கழுவிட்டு ஈரத்தோடயே மேல சானிடைசரையும் போடுறது, டபுள் சேஃப்டியாம். கையில இருக்கிற தண்ணி ஆல்கஹால நீர்த்து போக வைக்கும், 70 சதவீதம் வாங்கி வந்து கையில 50 ஆக்கிக்கிறோம். தோலும் எரியும், நிறைய பேருக்கு சானிடைசர் போட்டா கை எரியுது, வெடிக்குதுன்னா ஒரு காரணம் சோப்பு போட்ட உடனே ஈரக்கையில இதையும் போடுறது தான். சோப்பு போட்டா சோப்பு போதும், இது வேண்டாம்.

அப்புறம் உள்ளங்கை குழி நிறைய எடுங்க. எத்தனை அமுக்குன்னு பாட்டிலுக்கு பாட்டில் மாறும், அதனால அமுக்க எண்ணாதீங்க, தேய்க்கும்போது 20 செகண்டாச்சும் கை ஈரமா இருக்கான்னு பாருங்க. 15ல காஞ்சிடுச்சுன்னா எடுத்தது பத்தல, இன்னும் கொஞ்சம் எடுத்து திரும்ப தேய்ங்க. பெரிய கை இருக்கிறவங்களுக்கு கூட வேணும், இது ஏதோ அளவு பாத்து சொல்ற மருந்துச்சீட்டு இல்ல.

தேய்க்கிற வரிசை உலக சுகாதார நிறுவனம் போட்டது தான், நான் சும்மா என் பாஷையில சொல்றேன். உள்ளங்கையோட உள்ளங்கை. அப்புறம் ஒரு உள்ளங்கைய இன்னொரு புறங்கை மேல வச்சு விரல் இடுக்குல விரல விட்டு தேய்க்கணும், கை மாத்தி திரும்ப. அப்புறம் உள்ளங்கை ரெண்டும் சேந்து விரல்கள கோத்து. அடுத்து விரல்கள மடக்கி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கொக்கி மாதிரி மாட்டிகிட்டு விரலோட பின்பக்கத்த எதிர் உள்ளங்கையில தேய்க்கணும். அப்புறம் கட்டைவிரல இன்னொரு கையால புடிச்சு, பைக் ஆக்சிலேட்டர் முறுக்குற மாதிரி. கடைசியா விரல் நுனி அஞ்சையும் குவிச்சு எதிர் உள்ளங்கையில வட்டமா சுரண்டணும். எல்லாரும் விட்டுடுற இடம் இந்த கடைசி ரெண்டு தான், கட்டைவிரலும் விரல் நுனியும். நாம லிஃப்ட் பட்டன், ஃபோன் ஸ்க்ரீன், கண்ணு, மூக்கு எல்லாத்தையும் எதால தொடுறோம்? அதே விரல் நுனியால தான். அதனால நான் வரிசைய தலைகீழா மாத்திட்டேன், எடுத்த உடனே முதல்ல விரல் நுனிய உள்ளங்கையில இருக்கிற குளத்துல முக்கிடுறது, நகத்துக்கு கீழயும் போகும், அப்புறம் மீதி. ஏதாச்சும் விட்டு போனா கூட முக்கியமான இடம் நனைஞ்சிருக்கும். மோதிரம் போட்டிருந்தா கழட்டிட்டு தேய்ங்க, அதுக்கடியில போகாது.

தேச்சு முடிச்சு துணியில துடைக்காதீங்க, கைய உதறி காய வைக்காதீங்க, தானா காயட்டும். பிசுபிசுன்னு இருக்குன்னு பேன்ட்ல துடைச்சா அந்த 20 செகண்ட நாமளே வெட்டி விடுறோம்.

இந்த பிசுபிசுப்பு கிளிசரின். அது கிருமிய ஒண்ணும் பண்ணாது, ஆல்கஹால் இழுத்துட்டு போற எண்ணெய்க்கு பதிலா தோல்ல ஈரத்த புடிச்சு வைக்க போடுறது. உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலாவ பாத்தா ரொம்ப சிம்பிள், எத்தனால் 80 சதவீதம், இல்லன்னா ஐசோப்ரோபைல் ஆல்கஹால் 75 சதவீதம், கூட கிளிசரின் 1.45 சதவீதம், ஹைட்ரஜன் பெராக்சைடு 0.125 சதவீதம், மீதி தண்ணி. அந்த பெராக்சைடும் கைக்கு இல்ல, பாட்டிலுக்கு. சில பாக்டீரியா ஸ்போர்னு ஒரு கெட்டி ஓட்டுக்குள்ள தூங்கிகிட்டு இருக்கும், அத ஆல்கஹால் ஒண்ணும் பண்ண முடியாது, ஆல்கஹால் பாட்டிலுக்குள்ளயே அது ஜாலியா கிடக்கும், அத கொல்ல தான் பெராக்சைடு. கலந்த பிறகு 72 மணி நேரம் தொடாம வைக்க சொல்றதும் அதுக்காக தான்.

இத பாத்துட்டு வீட்டுலயே கலக்கலாம்னு தோணும். தோணுச்சு, நானும் பண்ணினேன், அதையும் சொல்லிடுறேன். கடையில பாட்டில் கிடைக்காத சமயம், ஒரு வீடியோவ பாத்துட்டு ரெண்டு பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு கத்தாழை ஜெல்னு கலந்தேன், வாசனைக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் வேற, அழகா வந்துச்சு, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் சின்ன பாட்டில்ல ஊத்தி கொடுத்தேன். அப்புறம் தான் கணக்கு போட்டேன். என்கிட்ட இருந்தது 70 சதவீத ஆல்கஹால். 200 மில்லியில 140 மில்லி ஆல்கஹால், அதுல 100 மில்லி ஜெல் சேத்தா மொத்தம் 300, 140ஐ 300ஆல வகுத்தா 46.7 சதவீதம். 60ஐ கூட தொடல! அந்த வீடியோக்காரர் 99 சதவீத ஆல்கஹால வச்சு சொல்லியிருக்காரு, அதுல பாத்தா 66 வரும், 91 சதவீதம் இருந்தா கூட 60.7, அதாவது மயிரிழையில தப்பிக்கும். நான் அத கவனிக்கவே இல்ல. கொடுத்த பாட்டிலையெல்லாம் திரும்ப வாங்கின வெக்கம் இருக்கே, அத விடுங்க. குடிக்கிற வோட்காவ வச்சு பண்ணலாம்ங்கிறதும் இதே கணக்குல அடிபட்டு போகும், வழக்கமா அதுல இருக்கிறதே 40 சதவீதம் தான்.

கணக்கு சரியா போட்டாலும் அளவு சரியா வராது, அது வேற. 50 மில்லி எத்தனாலும் 50 மில்லி தண்ணியும் சேத்தா 100 வராது, 96, 97 தான் வரும், மூலக்கூறுங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு நெருக்கி உக்காந்துக்கும். அதனால தான் ஃபார்முலாவுல "இவ்ளோ தண்ணி ஊத்து"ன்னு சொல்லாம "இந்த கோடு வரைக்கும் நிரப்பு"ன்னு சொல்றாங்க. அளவு குடுவை, ஆல்கஹால் மீட்டர் எல்லாம் இருக்கிற இடத்துல பண்ண வேண்டிய வேலை இது, கிச்சன்ல பண்ணாதீங்க, அதுவும் அடுப்பு பக்கத்துல.

தீ விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க. அந்த 80 சதவீத எத்தனால் கலவையோட ஃப்ளாஷ் பாயின்ட் 17.5 டிகிரி செல்சியஸ், அதாவது சாதாரண ரூம் சூட்டுலயே அதுக்கு மேல இருக்கிற ஆவி ஒரு பொறிக்கு பத்திக்கும். அதுல வர்ற தீ நீலமா மெல்லிசா இருக்கும், வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாது, கை எரியுற வரைக்கும் தெரியாது. போட்ட கை முழுசா காயாம லைட்டர், சிகரெட், கேஸ் எதுவும் தொடாதீங்க. அதே சமயம் வெயில்ல நிக்கிற கார்ல வச்சா தானா பத்திக்கும்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது பாருங்க, அது பொய், எத்தனால் பொறியே இல்லாம தானா பத்திக்க 360 டிகிரிக்கு மேல போகணும், எந்த காரும் அவ்ளோ சூடாகாது. கார்ல நடக்கிறது வேற, சூட்டுல ஆவி அழுத்தம் ஏறி மூடி வழியா கொஞ்சம் கொஞ்சமா ஆல்கஹால் கசிஞ்சு போகும், கொஞ்ச மாசம் கழிச்சு பாட்டில்ல மிஞ்சுறது வீக்கான சரக்கு.

இதுக்கு கட்டுப்படாத ஆளுங்களும் இருக்காங்க. வாந்தி பேதிய கிளப்புற நோரோவைரஸுக்கு கொழுப்பு உறையே கிடையாது, வெறும் கெட்டி புரோட்டீன் ஓடு, ஆல்கஹாலுக்கு அத அசைக்கிறது கஷ்டம். ஆஸ்பத்திரியில ஆன்டிபயாடிக் எடுத்தவங்களுக்கு வர்ற க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்ங்கிற பாக்டீரியா ஸ்போரா இருக்கும், அதுவும் சாகாது. க்ரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி, அதுவும் அப்படி தான். வீட்டுல யாருக்காச்சும் வயித்துப்போக்கு, வாந்தின்னா சானிடைசர ஓரமா வச்சிட்டு சோப்பும் ஓடுற தண்ணியும் தான், டாய்லெட் போயிட்டு வந்தாலும் அதே. சோப்பு எல்லாத்தையும் கொல்லணும்னு அவசியமே இல்ல, தோல்ல இருந்து பேத்து எடுத்து தண்ணியோட அனுப்பிடும், சானிடைசரால அந்த அனுப்புற வேலைய செய்ய முடியாது. கையில மண்ணு, கிரீஸ், சாப்பாட்டு எண்ணெய் இருந்தாலும் இதே காரணம் தான், அழுக்குக்கு அடியில இருக்கிற கிருமிகிட்ட ஆல்கஹால் போய் சேராது. பூச்சிமருந்து, ஈயம் மாதிரி சமாச்சாரம் கையில பட்டா சானிடைசர் அத கைல பூரா பரப்பி விடும், எடுக்காது.

அப்போ சோப்பே போதுமே, இது எதுக்குன்னு கேப்பீங்க. ஆஸ்பத்திரி வார்டுல ஒரு நர்ஸ் ஒவ்வொரு படுக்கைக்கும் நடுவுல சிங்குக்கு நடந்து போய் 40ல இருந்து 60 செகண்ட் கழுவி துடைச்சு வரணும்னா வேலை ஓடாது, அதனால கழுவாமயே போவாங்க. ஜெனிவா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில திதியே பித்தேங்கிற டாக்டரோட குழு படுக்கைக்கு பக்கத்துலயே ஆல்கஹால் பாட்டில வச்சு கூடவே பிரச்சாரமும் பண்ணினாங்க, கைய சுத்தம் பண்ண வேண்டிய சமயத்துல 1994ல 48 சதவீதம் தான் பண்ணிகிட்டு இருந்தாங்க, அது 1997ல 66 சதவீதமாச்சு, ஆஸ்பத்திரியில வந்து ஒட்டிக்கிற தொற்று 16.9 சதவீதத்துல இருந்து 9.9க்கு இறங்குச்சு. 2000ல அது வெளியாச்சு, 2009ல உலக சுகாதார நிறுவனம் கை சுத்தத்துக்கு வெளியிட்ட வழிகாட்டியில மேல சொன்ன ஃபார்முலாவும் இருக்கு. சிங்க் பக்கத்துல இல்லாத இடத்துக்கு தான் இந்த பாட்டில், சிங்க் இருந்தா அங்க போங்க.

குழந்தைங்க இருந்தா பாட்டில உயரத்துல வைங்க, நீங்களே ஊத்தி நீங்களே தேச்சு விடுங்க. சின்ன பிள்ளைங்க கொஞ்சம் குடிச்சா கூட ரத்தத்துல சர்க்கரை இறங்கிடலாம், உடனே டாக்டர்கிட்ட போகணும், சரியாகுதான்னு காத்துகிட்டு இருக்க கூடாது. கடைகள்ல கால் மிதிச்சா பீச்சுற ஸ்டாண்ட் இருக்கு இல்ல, அது சின்ன பிள்ளைக்கு சரியா கண்ணு உயரத்துல இருக்கும், கண்ணுல பட்டுட்டா தேய்க்க விடாம ஓடுற தண்ணியில நல்லா கழுவிட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. தண்ணி பாட்டில்ல, ஜூஸ் பாட்டில்ல மாத்தி ஊத்தி வைக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க, பெரியவங்களே தெரியாம எடுத்து குடிச்சிடுவாங்க.

பழைய பாட்டில் இருந்தா பின்னாடி தேதிய பாருங்க. தேதி தாண்டுன உடனே விஷமாயிடாது, ஆனா மூடிய எத்தனை தடவ திறந்தோமோ அத்தனை தடவ ஆல்கஹால் கொஞ்சம் போயிருக்கும், உள்ள எவ்ளோ மிச்சம்னு வீட்டுல அளக்க வழியில்ல. என் டிராயர்ல ரெண்டு வருஷமா மூடி சரியா மூடாம ஒண்ணு கிடந்துச்சு, அடியில கெட்டி பசை மாதிரி ஜெல் மட்டும், வாசனையே இல்ல. சிங்க்ல கொட்டி தண்ணிய நிறைய ஓட விட்டேன், பாட்டில தூக்கி போட்டேன்.